வாசகர் கேள்வி பதில்: இலவச சிகிச்சையால் கருக்கலைப்பு பெருகுகிறதா?

கேள்வி: நூல் விலை ஏறித் தறிகள் நின்ற மாதங்களில், "இந்த நேரத்தில் இன்னொரு பிள்ளையா?" என்று கருவைக் கலைத்துக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்வதால்தான் எண்ணிக்கை பெருகுகிறது, நிதியை நிறுத்தினால் குறைந்துவிடும் என்கிறார் என் அண்ணன். அது சரியா?
(வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவில் 1976இல் நிறைவேறிய ஹைடு திருத்தம், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தில் உள்ள மத்திய அரசுப் பணத்தை, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, கருக்கலைப்புக்குச் செலவிடுவதைத் தடுத்தது. அதன் பிறகும் வட கரோலினா மாநிலம் தன் சொந்த நிதியிலிருந்து ஏழைப் பெண்களுக்கு உதவிவந்தது. ஆனால் சில ஆண்டுகளில் நிதியாண்டு முடியும் முன்பே அந்தப் பணம் தீர்ந்துபோயிற்று. பணம் இருந்த மாதங்களையும் இல்லாத மாதங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், உதவி கிடைத்திருந்தால் கலைக்கப்பட்டிருக்கக்கூடிய கருக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பிரசவம் வரை சென்றதாகக் கணித்தார்கள். மற்றப் பெண்கள் எப்படியோ பணம் புரட்டியிருக்கிறார்கள்.

ஆனால் எந்த நிதியை நிறுத்துகிறோம் என்று கேட்காமல் இந்த வாதத்தை முடிக்க முடியாது. கருக்கலைப்பு பற்றி ஆலோசனை கூறும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்குக் குடும்பநல நிதி இல்லை என்று அமெரிக்கா 1984இல் ஒரு கொள்கை வகுத்தது; ஆட்சி மாறும்போதெல்லாம் அது நீக்கப்படுவதும் திரும்ப வருவதுமாக இருக்கிறது. அக்கொள்கை நடப்பில் இருந்த 2001 முதல் 2008 வரையிலான ஆண்டுகளில், அந்த நிதியைப் பெரிதும் நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகளில் கருத்தடைச் சாதனங்களின் பயன்பாடு சரிந்து, கருக்கலைப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்ததாக 2019இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. குறைக்க நினைத்த கொள்கையே பெருக்கிவிட்டது.

நம் நாட்டு நிலவரம் இன்னும் வேறு. 2015இல் இந்தியாவில் சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்ட ஆய்வு, அவற்றில் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை என்று கண்டது. ஆகவே அரசு மருத்துவமனையின் இலவசச் சிகிச்சையை நிறுத்தினால் பெரும்பகுதி எண்ணிக்கை அசையாது. மருந்துக் கடைக்குப் போவோர்தான் கூடுவார்கள். நீங்கள் குறிப்பிடும் தறி நின்ற மாதங்களில் கருத்தடை ஊசியும் காப்பர் டியும் தடையின்றிக் கிடைத்தனவா என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி.

பணக்கவலை பற்றிப் பேசும்போது நம் மாவட்டத்தின் பழைய வேதனையும் நினைவுக்கு வருகிறது. வரதட்சணைச் செலவை எண்ணிப் பெண் சிசுவைக் கொன்ற கொடுமையைத் தடுக்கவே தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்டது. பாலினம் அறிந்து கருவைக் கலைப்பது தனிக் குற்றம். வறுமையால் எடுக்கும் முடிவோடு அதைக் கலந்து பேசக் கூடாது.

கேள்வி: அரசு மருத்துவமனையில் இலவசம் என்றால், எங்கள் எஸ்டேட் பெண்கள் ஏன் கடையில் மாத்திரை வாங்குகிறார்கள்?
(வாசகர், ஏற்காடு)

பதில்: சிகிச்சை இலவசம், மலையிறங்கிச் சேலம் போய்வருவது இலவசமில்லை. பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் செலவு, இருவரின் நாள் கூலி, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் எல்லாம் சேர்ந்து கடை மாத்திரையை மலிவாகத் தோன்றச் செய்கின்றன. கருக்கலைப்புச் சட்டம் 1971இலேயே வந்துவிட்டது. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து வேண்டியதில்லை. இது தெரியாமலும் பலர் மருத்துவமனையைத் தவிர்க்கிறார்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் இம்மாத்திரையால் அது கலையாது, உள்ளே இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மாத்திரை எடுக்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்.