தாயின் வீட்டில் மகளுக்கு இடமுண்டா?

கேள்வி: கோவையில் மூத்த குடிமக்களுக்கான குடியிருப்பில் சொந்த வீட்டில் வசிக்கும் எனக்கு வயது 69. வேலையிழந்த என் 36 வயது மகள் இரண்டு மாதமாக என்னுடன் இருக்கிறாள். எனக்கு வரும் ஒரு கேரியர் சாப்பாட்டை இருவரும் பகிர்ந்து உண்கிறோம். சங்கத்தினர் அவளை வெளியேறச் சொல்வது நியாயமா?
– வாசகி, கோவை

பதில்: மகளுக்கு நிழல் தந்ததற்காக நீங்கள் கூனிக் குறுக வேண்டியதில்லை, அம்மா. ஆயினும், வீடு யாருடையது என்பதும் அதில் யார் நிலையாகக் குடியிருக்கலாம் என்பதும் வெவ்வேறு. விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்பதை, நீங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தமும் சங்கத்தின் துணைவிதிகளும் பெரும்பாலும் வரையறுத்திருக்கும். அவற்றை வரிக்கு வரி படித்துவிட்டு, ஆறு மாத காலத்துக்கு அனுமதி கோரி, மகளுக்குரிய உணவுக் கட்டணத்தையும் பராமரிப்புத் தொகையையும் செலுத்துவதாக எழுத்தில் தெரிவியுங்கள். ஒருவர் சாப்பாட்டை இருவர் உண்பது இந்த வயதில் உங்கள் உடலுக்கு ஆகாது.

பரிவு மேலிட்டு வீட்டை இப்போதே மகள் பெயருக்கு எழுதிவிட வேண்டாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் தந்த சொத்தை மீட்க, 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு வழிசெய்கிறது. ஆனால் பத்திரத்தில் அந்த நிபந்தனை தெளிவாக இல்லையெனில், தீர்ப்பாயத்தின் படியேறி நீண்ட காலம் அலைய நேரிடலாம்.