ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே சால்மன்: கேள்வி பதில்

கேள்வி: மகள் கேட்டாள், நான் முழித்தேன். கடல் மீனுக்குத் தாகம் எடுக்குமா?

பதில்: தாகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்டுக் குலுக்கிய மாங்காய் நீர் விடுகிறதே, அதே கதை. கடல்நீரில் இருக்கும் உப்பு மீனின் ரத்தத்தைப் போல ஏறக்குறைய 3 மடங்கு என்பதால் செவுள் வழியே உடம்பின் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்; அதை ஈடுகட்டக் கடலையே குடித்துவிட்டு, கூட வந்த உப்பைச் செவுளில் இருக்கும் தனிச் செல்கள் மூலம் வெளியே தள்ளுகிறது. 1930களின் தொடக்கத்தில் விலாங்கின் செவுளில் இதைக் காட்டியவர் அமெரிக்க உடலியல் விஞ்ஞானி ஆன்செல் கீஸ். ஆமாம், பின்னாளில் உணவுக் கொழுப்பையும் மாரடைப்பையும் முடிச்சுப்போட்டுப் பேசிய அதே கீஸ்தான்! ஆற்றில் எல்லாம் தலைகீழ்: தண்ணீர் உள்ளே புகும், உப்பு கசியும், மீன் சிறுநீராகக் கழித்துக்கொண்டே இருக்கும். சால்மன் ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய், முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன் என்பதால் இரண்டையும் சமாளிக்க வேண்டும். அந்த மாற்றத்தை நடத்துபவை ஹார்மோன்கள்; ஆற்றுக்கு வேண்டியது புரோலாக்டின்.

கேள்வி: புரோலாக்டின் தாய்ப்பால் ஹார்மோன் ஆச்சே, மீனுக்கு எதற்கு?

பதில்: பால் எல்லாம் பிற்பாடு வந்தது. 1959-இல் கிரேஸ் பிக்ஃபோர்டும் ஃபிலிப்ஸும் என்ற ஆய்வாளர்கள் கில்லி என்ற சின்ன மீனில், புரோலாக்டினைச் சுரக்கும் பிட்யூட்டரி என்ற மூளையடிச் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நன்னீரில் விட்டால் செத்தது, புரோலாக்டின் ஊசி போட்டால் பிழைத்தது. உப்பு கசியாமல் உடம்பை அடைத்துவைப்பது அதன் வேலை.

கேள்வி: அப்போ கடலுக்கு?

பதில்: வளர்ச்சி ஹார்மோனும், மன அழுத்த ஹார்மோன் என்று நாம் சொல்லும் கார்டிசாலும். நமக்கு உப்பைப் பிடித்துவைக்க ஆல்டோஸ்டிரோன் என்று தனியாக ஒன்று உண்டு, மீனுக்கு அது இல்லை, எல்லாம் கார்டிசால் தலையில்தான். வளர்ச்சி ஹார்மோனோடு சேர்ந்தால் கடலுக்குத் தயாராக்கும், புரோலாக்டினோடு சேர்ந்தால் ஆற்றுக்கு.

கேள்வி: கடலுக்குப் போனதும் இது தொடங்குமா?

பதில்: அதற்குள் மீன் கருவாடாகிவிடும்! வசந்தத்தில் பகல் நீள நீள, குஞ்சு ஆற்றில் இருக்கும்போதே ஹார்மோன்கள் ஏறி, உப்பைத் தள்ளும் செல்கள் பெருகி, மேனியும் வெள்ளி நிறமாகிவிடுகிறது.

கேள்வி: வழியில் அணை இருந்து தாமதமானால்?

பதில்: அதுதான் வில்லங்கம். அந்தத் திறன் சில வாரம்தான் நிற்கும், தண்ணீர் சூடானால் இன்னும் சீக்கிரம் போய்விடும். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றில் பிந்தி இறங்கிய அட்லாண்டிக் சால்மன்களிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். அணையில் மீன் ஏற ஏணி கட்டியாயிற்று என்று சொல்பவர்களிடம், குஞ்சு இறங்க எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள்.