ரஸ்ட் வந்தாயிற்று, கம்பைலர் எங்கே?

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் ரஸ்ட் என்ற நிரல்மொழிக்கு இடம் கிடைத்தது 2022 டிசம்பரில், 6.1 பதிப்பில். அன்று முதல் என்னிடம் வரும் கேள்விகளில் மொழியைப் பற்றியவை குறைவு. நிரலை இயந்திரமொழியாக மாற்றும் கம்பைலரைப் பற்றியவையே அதிகம்.

கேள்வி: 6.12 கெர்னலின் மூலநிரலை இறக்கினேன். அமைப்புத் தேர்வு மெனுவில் ரஸ்ட் என்ற வரியையே காணவில்லை, ஐயா.

பதில்: தகுந்த கம்பைலர் அகப்படாவிட்டால் அந்த வரி ஒளிந்துகொள்ளும். 'மேக் ரஸ்ட்அவைலபிள்' கட்டளையை இயக்குங்கள். குறை எதுவென்று அதுவே சொல்லும். கம்பைலர் இருந்தும், சி நிரலை ரஸ்டோடு இணைத்துத்தரும் பைண்ட்ஜென் கருவி இல்லாமல் போவதுண்டு. ரஸ்டின் அடிப்படை நூலகத்தைக் கெர்னல் தானே தொகுத்துக்கொள்வதால் அதன் மூலநிரலும் தேவை. எல்லாம் சரியாக இருந்தும் வரி தெரியவில்லையா? கெர்னல் மாட்யூல்களின் பதிப்புப் பொருத்தத்தைச் சோதிக்கும் மாட்வெர்ஷன்ஸ் தேர்வை அணைத்துப் பாருங்கள். 6.14க்கு முன் அதுவும் ரஸ்டும் ஒன்றாக இயங்கா.

கேள்வி: என்னிடம் இருப்பது டெபியன் 12 லினக்ஸ். அதன் ரஸ்ட் பழையது என்று கெர்னல் மறுக்கிறது.

பதில்: அதில் வழக்கமாக வருவது 1.63. கெர்னலோ 6.11 முதல் குறைந்தது 1.78 கேட்கிறது. அதற்கு முன்பு பிடிவாதம் இன்னும் கடுமை: ஒரு கெர்னலுக்கு ஒரே ரஸ்ட் பதிப்பு. 6.1க்கு 1.62 என்றால் 1.62தான். ரஸ்டில் இன்னும் நிலைபெறாத சில வசதிகளைக் கெர்னல் நம்பியிருப்பதே காரணம். சாதாரண வெளியீட்டில் அவை பூட்டியிருக்கும். 'ரஸ்ட்சி பூட்ஸ்ட்ராப்' என்ற சூழல் மாறியைக் கொண்டு பூட்டைத் திறந்துகொள்கிறார்கள். கொல்லைப்புற வழிதான், எனக்கு உறுத்தலும்தான். நீங்கள் டெபியன் 13க்கு மாறினால் 1.85 கிடைக்கும். மாற மனமில்லை என்றால், வேண்டிய ரஸ்ட் பதிப்பை நிறுவித்தரும் ரஸ்ட்அப் இருக்கிறது.

கேள்வி: சி நிரலை ஜிசிசி கம்பைலரிலும் ரஸ்டைத் தனியாகவும் தொகுக்கலாமா?

பதில்: பெரும்பாலும் நடக்கும். ஆனால் பைண்ட்ஜென் சி தலைப்புக் கோப்புகளைக் கிளாங் என்ற வேறொரு சி கம்பைலரின் கண்ணால் வாசிக்கிறது. ஜிசிசிக்கே உரிய சில கொடிகள் (கட்டளைத் தேர்வுகள்) அதற்குப் புரியாது. முழுவதும், கிளாங் சேர்ந்த எல்.எல்.வி.எம். கருவித்தொகுப்பைக் கொண்டு கட்டுவதே நிம்மதி.

கேள்வி: பிஏ-ரிஸ்க் என்ற பழைய செயலி கொண்ட பணிநிலையம் ஒன்றை ஆசையாக ஓட்டிவருகிறேன். லினக்ஸ் என்னைக் கைவிடுமா?

பதில்: உடனடியாக இல்லை. ரஸ்ட் இன்றும் விருப்பத் தேர்வுதான். ஆனால் ரஸ்ட் கம்பைலர் எல்.எல்.வி.எம். மேல் நிற்கிறது, ஆல்ஃபா, பிஏ-ரிஸ்க், சூப்பர்ஹெச் மூன்று செயலி வகைகளுக்கும் அதில் பின்முனை (செயலிக்கேற்ற இயந்திரமொழியை ஆக்கும் பகுதி) இல்லை. ஜிசிசியில் உண்டு. அதனால்தான் இரண்டு முயற்சிகள்: ரஸ்ட் கம்பைலருக்கு ஜிசிசியைப் பின்முனையாக்குவது ஒன்று, ஜிசிசிக்கே ரஸ்ட் முன்முனை (மொழியை வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி) எழுதுவது மற்றொன்று. முதலாவது முன்னே நிற்கிறது என்பது என் கணிப்பு. 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய பராமரிப்பாளர்கள் ரஸ்ட் இனி சோதனை அல்ல என்று முடிவு செய்துவிட்டார்கள். உங்கள் இயந்திரத்துக்கு அது நல்ல செய்தி என்று சொல்லமாட்டேன்.

கேள்வி: எங்கள் ஆய்வகக் கணினிக்கு இணையம் கிடையாது. ரஸ்டின் தொகுப்பு மேலாளரான கார்கோ இணையம் கேட்குமே?

பதில்: கெர்னல் கார்கோவை அழைப்பதே இல்லை, மேக் கருவியே ரஸ்ட் கம்பைலரை நேரடியாக இயக்குகிறது. கெர்னல் தளத்திலேயே எல்.எல்.வி.எம்., ரஸ்ட், பைண்ட்ஜென் எல்லாம் சேர்ந்த தொகுப்பு கிடைக்கிறது. பென் டிரைவில் எடுத்துப் போங்கள்.