வெட்டிய அட்டையும் தொலைந்த பெயரும்

கேள்வி: மகளைப் பார்க்க நியூ ஜெர்சிக்கு வந்திருக்கிறேன். பாராசிட்டமால் என்று, கம்பெனி வைத்த பெயரை விட்டு, மருந்தின் பொதுப்பெயரான ஜெனரிக் பெயரைச் சொல்லிக் கேட்டும் கடைப் பணியாளருக்குப் புரியவில்லை.

பதில்: உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் மருந்துகளுக்கான பொதுப்பெயர்களை வெளியிட்டு வந்தாலும், அமெரிக்கா சிலவற்றுக்குத் தன் பெயரையே வைத்திருக்கிறது. பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் அல்பியூட்டெரால். சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு கிளைபுரைடு. இது தெரியாமல், பெட்டியில் அதே பாராசிட்டமாலான டோலோ இரண்டு அட்டை இருக்கும்போதே, ஐந்நூறு அசிட்டமினோஃபென் மாத்திரைகள் கொண்ட குப்பியை வாங்கியவன் நான். இரண்டையும் ஒன்றாக விழுங்கி ஈரலைக் கெடுத்துக்கொள்ளுமுன் மருமகன் குப்பியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக் காட்டினார்.

கேள்வி: சிங்கப்பூரில் கிரோசின் கேட்டேன். "அதைவிட உயர்ந்த மருந்து" என்று சொல்லிப் பனடாலை அதிக விலைக்குத் தந்தார்கள்.

பதில்: இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால்தான். காய்ச்சலோடு வெளியூரில் நிற்பவரிடம் இப்படிப் பேசி விற்றது அநியாயம். உங்கள் மேல் குறையில்லை.

கேள்வி: மலேசியாவில் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. கையிலிருக்கும் அட்டைத் துண்டில் "பிரைடு" என்பது மட்டுமே தெரிகிறது.

பதில்: முப்பது ஆண்டுகளாக என்னை எரிச்சலூட்டும் பொருள் நம் மருந்துக் கடைகளின் கத்தரிக்கோல். பத்தில் நான்கை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. ஜெனரிக் பெயரைத் தெளிவாக, கூடுமானால் ஆங்கிலப் பெரிய எழுத்தில், மருத்துவர் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதி 2016-இல் திருத்தப்பட்டது; உங்கள் சீட்டில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வணிகப் பெயரைவிட ஜெனரிக் பெயரைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018-இல் ஒரு விதியும் வந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் விழுங்குவதோ மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த கூட்டு மாத்திரை. இரண்டு பெயரும், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம் என்பதும் தெரியாமல் எந்த ஊரிலும் அதற்கு ஈடு கேட்க முடியாது. ஊகித்து வாங்காதீர்கள், வீட்டிலுள்ளவர்களிடம் மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் வாங்கும் ஃபுளோமேக்ஸை இத்தாலியிலும் அதே பெயரைச் சொல்லி வாங்கலாமா?

பதில்: கூடாது. அமெரிக்காவில் அது புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் விற்றது அழற்சிக்கான வேறு மருந்து.

கேள்வி: சீட்டைத் தொலைத்துவிட்டேன். சிறிய, இளஞ்சிவப்பு, இரத்த அழுத்த மாத்திரை. பெயர் என்ன?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.