வாசகர் கேள்வி பதில்: இறையியல் படிச்சவங்க என்ன சாதிச்சாங்க?

கேள்வி: சிஸ்டர், இன்ஜினியரிங் காலேஜ்னா இத்தனை பேருக்கு வேலை கிடைச்சுதுன்னு போர்டு வைக்கறாங்க. சாமியார் ஆகறதுக்குப் பயிற்சி தர்ற குருமடம், இறையியல் கல்லூரி இதுல எல்லாம் சாதனைன்னு எதைச் சொல்றது? போப் ஆனாதான் சாதனையா? (குருமடத்துல முதல் வருஷம் படிக்கற ஒருத்தர்)

பதில்: போப் ஆனதும் சாதனைதான் தம்பி, அதை ஏன் விடணும். 2025 மே 8-ல தேர்ந்தெடுத்தாங்களே திருத்தந்தை 14-ம் லியோ, அவர் முதல்ல படிச்சது கணக்கு, அப்புறம் சிகாகோல கத்தோலிக்க தியாலஜிக்கல் யூனியன்ல 1982-ல எம்.டிவ்.ங்கற இறையியல் முதுகலைப் பட்டம் முடிச்சார், ரோம்ல ஆஞ்சலிக்கும் பல்கலைக்கழகத்துல திருச்சபைச் சட்டத்துல டாக்டர் பட்டம் 1987-ல. ஆனா படிச்சு முடிச்சவர் எங்க போனார்னு பாருங்க, பெரு நாட்டுல த்ருஹியோ ஊருக்குப் போய் வருஷக்கணக்கா குருமட மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு பங்கு வேலையும் (பங்குன்னா ஒரு கோயிலைச் சேர்ந்த ஜனங்க) பார்த்தார். அந்த சிகாகோ கல்லூரி தன் பழைய மாணவர்னு பெருமைப்பட இந்த வருஷங்களே போதும்னு நான் நினைக்கறேன்.

இன்னொருத்தரையும் சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்சவர். பாப்புவா நியூ கினியால பீட்டர் தோ ரோட். தலிலிகாப்ல இருந்த மிஷன் பள்ளில வேதியர் பயிற்சி, அதாவது சாமியார் ஆகாம ஜனங்களுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கறதுக்கான பயிற்சி எடுத்து 1930-கள்ல சொந்த ஊர் ரகுனைக்கு வேதியரா வந்தார், அப்ப இளவயசுதான். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரங்க வந்து சாமியார்களை எல்லாம் கேம்ப்ல அடைச்சப்போ பங்கே இவர் கைக்கு வந்துருச்சு, ஞானஸ்நானம் கொடுக்கறது, ஜெபம் நடத்தறது, கல்யாணத்துக்குச் சாட்சியா நிக்கறது, ரெஜிஸ்டர் எழுதறது எல்லாத்தையும் அவரே பார்த்தார், கோயிலை இடிச்சப்புறம் காட்டுக்குள்ள ஒரு கொட்டகை போட்டு நடத்தினார். ரெண்டாவது பொண்டாட்டி கட்டிக்கலாம்னு ஜப்பான்காரங்க அனுமதிச்சதை எதிர்த்துப் பேசினதால 1945-ல பிடிச்சுட்டுப் போய் கொன்னுட்டாங்க. கல்யாணமானவர், புள்ளகுட்டிக்காரர். 2025 அக்டோபர் 19-ல புனிதர் பட்டம் கிடைச்சுது, அந்த நாட்டுக்கு முதல் புனிதர். வெறும் சில வருஷ வேதியர் படிப்பு தம்பி, அதை வச்சுதான் ஒரு பங்கையே போர்க்காலத்துல தாங்கினார்.

கேள்வி: குருமடப் படிப்பு எப்ப ஆரம்பிச்சுது?

பதில்: இப்ப இருக்கற மாதிரி, 1563-ல பிஷப்புகள் கூடின திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு மறைமாவட்டமும் (ஒரு பிஷப்போட பொறுப்புல இருக்கற பகுதி) குருமடம் வைக்கணும்னு சட்டம் போட்டதுல இருந்து. அதுக்கு முன்னாடியே 1551-ல புனித இஞ்ஞாசியார் ரோம்ல ஆரம்பிச்ச கல்லூரிதான் இன்னிக்கு கிரகோரியன் பல்கலைக்கழகம்.

கேள்வி: பேராசிரியர்னா புத்தகம் எழுதறது, கருத்தரங்குல பேசறது, அவ்ளோதானா சிஸ்டர்? (இறையியல் மாணவி)

பதில்: அதுவும் வேணும்மா, புத்தகம் எழுதறதைக் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா மத்திய அமெரிக்கால இருக்கற எல் சால்வதோர்ல ருத்திலியோ கிராந்தேன்னு ஒரு சேசு சபை ஃபாதர் இருந்தார், பிரஸ்ஸல்ஸ்ல லூமென் வித்தேங்கற மேய்ப்புப்பணி (ஜனங்களை ஆன்மீகமா வழிநடத்தற வேலை) நிறுவனத்துல படிச்சுட்டு வந்து சான் சால்வதோர் குருமடத்துல பாடம் எடுத்தார், அங்க அவர் செஞ்ச புதுசு என்னன்னா பசங்களை வகுப்புல மட்டும் உக்கார வைக்காம ஜனங்க இருக்கற இடத்துக்கு அனுப்பினார், போய் பிரசங்கம் பண்ண இல்ல, முதல்ல அவங்க கஷ்டத்தைக் கேக்க. அப்புறம் அவரே 1972-ல அகிலாரஸ் பங்குக்குப் போயி கரும்புக் காட்டுல வேலை செஞ்ச ஏழை ஜனங்களையே பைபிள் வாசிச்சு வழிநடத்தற அளவுக்குப் பயிற்சி கொடுத்தார். 1977 மார்ச் 12-ல பூசைக்குப் போற வழியில ஒரு பெரியவரோடயும் ஒரு பையனோடயும் சேர்த்து சுட்டுக் கொன்னாங்க. அவரோட ஃப்ரெண்டு ரொமேரோ, கிரகோரியன்ல படிச்சவர், அப்பதான் சான் சால்வதோர் பேராயர் ஆகி மூணு வாரம், அந்த உடம்புகளைப் பார்த்த ராத்திரிக்கு அப்புறம் அவர் பேச்சே மாறிடுச்சு, அடுத்த ஞாயிறு மறைமாவட்டம் முழுக்க ஒரே ஒரு பூசைதான்னு அறிவிச்சார். 1980 மார்ச் 24-ல அவரையும் பூசை நடுவுலயே சுட்டுட்டாங்க. ஒரு வாத்தியாரோட வேலை இவ்ளோ தூரம் போகும்.

அமெரிக்கால சிஸ்டர் தேயா போமனும் வாத்தியார்தான், நியூ ஆர்லியன்ஸ்ல சேவியர் பல்கலைக்கழகத்துல கறுப்பினக் கத்தோலிக்கர் படிப்பு சொல்லிக்கொடுத்தாங்க. 1989-ல கேன்சரோட வீல்சேர்ல வந்து நாட்டு ஆயர்கள் (பிஷப்புகள்) முன்னாடி, கறுப்பினத்தவங்களுக்கு சபைல இடம் எங்கன்னு நேராப் பேசிட்டு, கடைசில அத்தனை ஆயர்களையும் எழுப்பி கை கோத்துப் பாட வச்சாங்க. அடுத்த வருஷமே இறந்துட்டாங்க.

கேள்வி: என் பொண்ணு இறையியல் படிக்கணுங்கறா, பொண்ணுங்களுக்கு அதுல என்ன இருக்குன்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. (ஒரு அம்மா)

பதில்: படிக்க விடுங்கம்மா. ஒரு காலத்துல பொண்ணுங்களுக்கு மேல்படிப்பு இறையியல்ல இடமே கொடுக்கல, அதனால 1943-ல சிஸ்டர் மடலேவா வுல்ஃப் இண்டியானால தன்னோட செயின்ட் மேரிஸ் கல்லூரிலயே அவங்களுக்காக ஒரு இறையியல் பள்ளி ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு பாருங்க, சிஸ்டர் நத்தாலி பெக்கார், பாரிஸ்லயும் பாஸ்டன் காலேஜ்லயும் இறையியல் படிச்சவங்க, 2021-ல வத்திக்கான்ல, உலக ஆயர்கள் கூடிப் பேசற ஆயர் மாமன்றத்தோட துணைச் செயலரா வந்தாங்க. 2023 அக்டோபர் மாமன்றத்துல 54 பெண்கள் ஓட்டு போட்டாங்க, அதுக்கு முன்னாடி எந்தப் பொண்ணுக்கும் அந்த உரிமை இல்ல. வேதியர் பணியையும் 2021 மே-ல திருத்தந்தை பிரான்சிஸ் சபையோட முறையான பணியா ஏற்படுத்திட்டார், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

ஒண்ணு மட்டும் செய்யுங்க, சேர்க்கறதுக்கு முன்னாடி அந்தக் கல்லூரில பழைய மாணவிகள் இப்ப எங்க வேலை பாக்கறாங்க, ஆஸ்பத்திரிலயா, ஜெயில் பணிலயா, மறைக்கல்விலயான்னு கேளுங்க, சம்பளம் எவ்ளோன்னும் கூச்சப்படாம கேளுங்க. ரெண்டு மூணு பேர் போன் நம்பர் வாங்கி பொண்ணையே பேச விடுங்க.