லெட்டர் வாங்கினவர் தலையில செலவு!

கேள்வி: 1810 காலத்து இங்கிலாந்து கதை ஒண்ணு ஓடிடில பார்த்தேன். ஹீரோயின் ஒரு பக்கம் முழுக்க லெட்டர் எழுதிட்டு, தாளைத் திருப்பி அதே எழுத்து மேலயே குறுக்கால எழுதுறா. பேப்பருக்கு அவ்ளோ பஞ்சமா? (வாசகி, திருச்சி)

பதில்: பேப்பரும் விலைதான், ஆனா நிஜ வில்லன் தபால் கட்டணம். அப்போ ஸ்டாம்ப் கிடையாது, பெரும்பாலும் லெட்டரை வாங்குறவங்கதான் காசு கொடுக்கணும். 1812 ரேட்ல ஒத்தைத் தாள் 15 மைலுக்குள்ள போகவே 4 பென்ஸ், தூரம் கூடக்கூட ரேட்டும் ஏறும், ரெண்டு தாள்னா டபுள். கவர் போட்டா அதையும் ஒரு தாளா கணக்குல சேர்த்துடுவாங்க, அதனால கவரே வேணாம்னு நம்ம இன்லேண்ட் லெட்டர் மாதிரி தாளையே மடிச்சு, வெளிப்பக்கம் அட்ரஸ் எழுதி, அரக்கு வச்சு ஒட்டிடுவாங்க. சாவுச் செய்தி, துக்கம்னா கறுப்பு அரக்கு, பிரிக்கும் முன்னாடியே விஷயம் தெரிஞ்சிடும். ஒரே தாள்ல ஊர்க்கதை மொத்தத்தையும் அடைக்கணும்னா இப்படி எழுதின மேலயே குறுக்கால எழுதுறதுதான் வழி. நெருக்கி, பொடியா, அதே சமயம் தெளிவா எழுதத் தெரிஞ்ச பொண்ணுக்கு தனி மவுசு இருந்திருக்கும்னு நினைக்கிறேன், ஏன்னா கிறுக்கலுக்கு யாரு காசு கொடுப்பா?

கேள்வி: பணக்காரங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டாங்களா? (வாசகர், சேலம்)

பதில்: எம்.பி. ஒருத்தர் பழக்கமா இருந்தா போதும் சார்! எம்.பி. கையெழுத்துப் போட்ட லெட்டர் ஃப்ரீ. தில்லுமுல்லு ஜாஸ்தியானதும் 1784ல அட்ரஸ், தேதி எல்லாம் அவரே கைப்பட எழுதணும்னு சட்டம் போட்டாங்க, அப்புறம் ஒரு நாளைக்கு 10 லெட்டர்தான் அனுப்பலாம்னு வரம்பும் வச்சாங்க. அப்பவும் விருந்துக்கு வந்த எம்.பி.யைப் பிடிச்சு உட்கார வச்சு கையெழுத்து வாங்குறது நிக்கல. 1840ல அரை அவுன்ஸ் லெட்டர் நாட்டுக்குள்ள எங்க போனாலும் ஒரு பென்னினு ஆனதும் இந்த சலுகை போச்சு.

கேள்வி: காதல் கடிதம்லாம் எழுதுவாங்களா? (வாசகி, மதுரை)

பதில்: நிச்சயம் ஆகாத பொண்ணும் பையனும் எழுதிக்கவே கூடாது. எழுதினாங்கன்னு தெரிஞ்சா கல்யாணம் முடிவாயிடுச்சுன்னே ஊர் பேசிடும். போதாக்குறைக்கு, வந்த லெட்டரை வீட்ல எல்லார் முன்னாடியும் சத்தமா படிச்சுக் காட்டுற பழக்கம் வேற. இதுல ரொமான்ஸ் எங்க எழுதுறது?