பிறக்கப் போகும் குழந்தைக்கு ஒரு போர்வை: கேள்வி பதில்

குழந்தைப் போர்வை பின்ன ஆசைப்பட்டு நீங்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊசியில் இருக்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, தங்கைக்கு ஏப்ரலில் பிரசவம், சென்னையில். கம்பளி நூல் வாங்கவா, பருத்தியா?

பதில்: பருத்திதான். அந்த வெயிலில் கம்பளி எதற்கு? பருத்தி வியர்வையை உறிஞ்சும், அடிக்கடி துவைக்கலாம். ஆனால் கம்பளி போல இழுத்துக் கொடுக்காது, அதனால் சீக்கிரம் கை வலிக்கும். தினம் கொஞ்சமாகப் பின்னுங்கள். ஊட்டி, கொடைக்கானல் குழந்தை என்றால் கம்பளி சொல்லியிருப்பேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணக் கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். பச்சைக் குழந்தை வைத்திருப்பவளுக்கு அதையெல்லாம் பார்க்க எங்கே நேரம்? துவைக்கப் பயமாக இருந்தால் போர்வை பீரோவிலேயே கிடக்கும். அக்ரிலிக் என்ற செயற்கை நூல் மெஷினில் துவைக்கத் தாங்கும், சூடான இஸ்திரிப் பெட்டி மட்டும் படக்கூடாது. இழை நீட்டிக்கொண்டிருக்கும் மொஹேர் என்ற ஆட்டு ரோம நூல் வேண்டவே வேண்டாம், அந்த இழை குழந்தையின் வாய்க்குப் போகும்.

கேள்வி: எத்தனை கண்ணி போட வேண்டும்?

பதில்: 75 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம் போதும். கண்ணிக் கணக்கு உங்கள் கையைப் பொறுத்தது. 4 மி.மீ. ஊசியில் 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 20 வந்தால் 150 கண்ணி. கை தளர்ந்து 18 வந்தால் 135. எண்ணாமல் 150 போட்டால் 83 செ.மீ.க்குப் போய்விடும், நூலும் பற்றாது. நடுவில் வயர் வைத்த நீள ஊசி வாங்குங்கள், கனம் மடியில் இறங்கிவிடும்.

கேள்வி: எனக்கு நிட் மட்டும்தான் தெரியும், பர்ல் வராது. நான் பின்னலாமா?

பதில்: தாராளமாக! நூலைப் பின்னால் வைத்துப் பின்னுவது நிட், முன்னால் வைத்துத் திருப்பிப் பின்னுவது பர்ல். எல்லா வரிசையும் நிட்டாகவே பின்னினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரப்பு வரப்பாக வரும், ஓரம் சுருளாது. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னுகிறவர்களுக்குத்தான் ஓரம் பாய் போலச் சுருட்டிக்கொள்ளும்.

நூல் போதுமா என்ற கவலை இருந்தால் மூலையிலிருந்து தொடங்குங்கள். 4 கண்ணி போட்டு, ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணிக்குள் இரண்டு முறை பின்னி ஒன்று கூட்டுங்கள். துணி முக்கோணமாக விரியும். சமையலறைத் தராசில் நூலை நிறுத்துக்கொண்டே வந்து, பாதி தீர்வதற்குச் சற்று முன்பிலிருந்து வரிசைக்கு முதல் இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னிக் குறைத்துக்கொண்டு வந்தால் சதுரம் முடிந்துவிடும். முதல் போர்வை பின்னுகிற எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

கேள்வி: ஓட்டை ஓட்டையாக லேஸ் டிசைன் அழகாக இருக்குமே?

பதில்: அழகுதான். நானும் என் அக்கா மகனுக்கு அப்படித்தான் பின்னினேன். இரண்டாவது மாதம் அவன் சுண்டு விரல் ஒரு ஓட்டைக்குள் மாட்டி, நூல் சுற்றிச் சிவந்துவிட்டது. அக்கா கத்தரியால் வெட்டித்தான் எடுத்தாள். அதிலிருந்து நெருக்கமான பின்னல் மட்டும்தான். புது உருண்டை சேர்க்கும்போது முடிச்சுப் போடாமல் 15 செ.மீ. நூல் நுனி விட்டு, தையல் ஊசியால் பின்னலுக்குள் முன்னும் பின்னும் கோத்து மறையுங்கள். மணி, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம்.

கேள்வி: இரவில் போர்த்தித் தூங்க வைக்கலாமா?

பதில்: கூடாதும்மா. ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை வைக்க வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடலாம். விழித்திருக்கும்போது மடியில் விரிக்க, ஆள் பக்கத்தில் இருக்கையில் குப்புறப் போட, தூக்கிக்கொண்டு போகையில் சுற்றிக்கொள்ள என்று பயன் நிறைய இருக்கிறது. கொடுக்கும்போதே தாயிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முன்கூட்டியே பின்னிவிட்டேன். பாச்சை உருண்டை போட்டு வைக்கவா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு, அந்த உருண்டையிலிருந்து துணியில் ஏறிய நாப்தலினே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம். குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது முன்கூட்டித் தெரியாது. வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, தொங்கவிடாமல் நிழலில் விரித்துக் காயவைத்து, பழைய பருத்திப் புடவையில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: பிறக்கும் முன் எதுவும் கொடுக்கக் கூடாது என்கிறார் மாமியார்.

பதில்: அவர் மனம் நோக வேண்டாம். போர்வை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், தொட்டிலிடும் நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். துவைக்கும் முறையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மீந்த நூலையும் கூடவே வையுங்கள். நடக்கத் தொடங்கி இழுத்துக்கொண்டு திரியும்போது ஏதாவது ஒரு மூலை பிரியும், அன்றைக்கு அதே சாயத்தில் நூல் கடையில் கிடைக்காது.